நிற்காமல் போன கார்கள்

எங்கள் சங்கத்தில் பத்தொன்பது கார்கள் உண்டு. அவற்றில் பதினான்கு ஓடும். மீதி ஐந்தை அவற்றின் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்து வைப்பார்கள். கோவில்பட்டியில் பழைய கார் வைத்திருப்பவர்களை எல்லாம் தேடிப் பிடித்து இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய். அவர்தான் செயலாளர். கிரீம் நிறத்தில் ஒரு பியட் வைத்திருக்கிறார். தலைவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. நான் துணைச் செயலாளர். என்னிடம் இருப்பது அரசாங்கம் கழித்துக் கட்டிய டீசல் அம்பாசிடர். அதைக் கழிவு செய்வதற்கான குறிப்பை எழுதியவனும் நான்தான். பணியில் இருந்துகொண்டு ஏலம் கேட்பது சரியில்லை என்பதால், ஓய்வு பெற்ற பிறகு, ஏலத்தில் எடுத்தவரிடம் போய் வாங்கினேன். முறைப்படி.

தாலுகா ஆபீஸில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக வெளியே வந்தவன் நான். சங்கத்தில் எனக்கு மரியாதை கிடைத்தது காருக்காக அல்ல, மனு எழுதத் தெரியும் என்பதற்காக. காவல் நிலைய அனுமதி, ஊராட்சிக்குத் தகவல், நன்றிக் கடிதம் எல்லாம் என் வேலை. ஊர்வலம் போகும்போது கடைசியில் வருவதும் என் வேலை. வழியில் எந்தக் கார் நின்றாலும் அதன் பின்னால் நின்று, தேவைப்பட்டால் கயிறு கட்டி இழுத்து வருவது கடைசி வண்டிக்காரன் பொறுப்பு.

வழக்கமாகக் குற்றாலம் போவோம், கழுகுமலை போவோம், சாப்பிடுவோம், படம் எடுத்துக்கொண்டு வருவோம். போன வருஷம் பாய்தான் புதிதாக ஒன்றைச் சொன்னார்.

"குடியரசு தினத்தை ஒட்டி ஒரு ஞாயித்துக்கெழமை போவோம் அண்ணாச்சி. நம்ம சுத்துவட்டாரத்துல ராணுவத்துல உயிர விட்ட பையங்க வீட்டு வாசல்ல போய் வண்டிகள நிறுத்துவோம். ஒரு மாலை. ஒரு நிமிஷம் நின்னுட்டு வருவோம். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அந்த ஒரு நிமிஷமும் எல்லாரும் ஹாரன் அடிச்சா என்ன?" என்றார் தலைவர்.

"எதுக்கு முதலாளி?"

"சும்மா நின்னா நாம வந்தது யாருக்குத் தெரியும்?"

ஒலி மாசு விதிகளை எடுத்துச் சொல்லி அதை நான் தடுத்தேன். அன்று நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆறு வீடுகள் சேர்ந்தன. கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது பாய் கேட்டார், "கடம்பூருக்கும் எப்போதும்வென்றானுக்கும் நடுவுல ஒரு ஊர்ல, மிலிட்டரி லாரி ஓட்டிட்டிருந்த பையன் ஒருத்தன் மலையில கவுந்து செத்தானே, அவன விட்டுட்டீயளே?"

விடவில்லை. அந்தப் பையனைப் பற்றி எனக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே தெரியும். வாரிசுச் சான்றுக்கு விசாரணைக்குப் போனவனே நான்தான். போர் இழப்பு வேறு, பணிக்காலத்தில் நேர்ந்த விபத்து மரணம் வேறு என்று விளக்கினேன். எதிரியின் குண்டு, கண்ணிவெடி, ஊடுருவல்காரர்களோடு நடந்த சண்டை, இவை முதல் வகை. லாரி கவிழ்வது இரண்டாம் வகை. ஒன்றில் தளர்த்தினால் நாளைக்குக் காய்ச்சலில் செத்தவர் வீட்டிலும் வந்து கேட்பார்கள் என்றேன்.

"கேட்டா அங்கயும் போவோம். நமக்கு என்ன, பெட்ரோல்தான" என்றார் பாய்.

"வரையறைன்னு ஒண்ணு வேணும் பாய்."

என் கையெழுத்தில் இருந்த பட்டியல் அப்படியே நிறைவேறியது. இத்தனைக்கும் நாங்கள் ஒரு கார் சங்கம். எங்களுக்கு எந்த அரசாணையும் கிடையாது. ஒரு மாலையை யாருக்குப் போடலாம், யாருக்குப் போடக் கூடாது என்று எங்களைக் கேட்க நாட்டில் ஒருவரும் இல்லை. இல்லாத விதியை நான்தான் உண்டாக்கினேன்.

அந்தப் பையன் விஷயத்தில் ஊரில் ஒரு பேச்சு இருந்ததும் எனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் சண்டையில் இறந்த ஒருவருடைய உடல் வந்தபோது துப்பாக்கிகள் முழங்கின, பெரிய பெரிய அதிகாரிகள் வந்தார்கள். இவன் பெட்டியோடு வந்தவர்கள் நாலு பேர். கொடியை மடித்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு மறுநாள் ரயிலுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கே ஊர் முடிவு செய்துவிட்டது: குடித்துவிட்டு ஓட்டியிருப்பான், இல்லாவிட்டால் தூங்கியிருப்பான், அதனால்தான் வெடி போடவில்லை. விசாரணைக்குப் போன அன்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். அது என் விசாரணையின் வரம்புக்குள் வராது. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

காவல் நிலைய மனுவில், கார்கள் கடந்து செல்லும் ஊர்களையும் நேரத்தையும் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டேன். அதன் நகலை வழியிலுள்ள எல்லா ஊராட்சிகளுக்கும் தகவலுக்காக அனுப்பினேன். யாரும் அனுப்பச் சொல்லவில்லை. அனுப்புவது ஒழுங்கு என்பதால் அனுப்பினேன். அதில் மேலே பெரிய எழுத்தில் 'நாட்டுக்காக உயிர் நீத்த வீரர்களுக்கு அஞ்சலி, பதினான்கு கார்கள் அணிவகுப்பு' என்றிருந்தது. கீழே ஊர்ப் பெயர்கள், எதிரே நேரம். எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று அதில் தனியாக ஒரு கட்டம் போடவில்லை. காவல்துறைக்கு அந்த விவரம் தேவையில்லை. அந்தப் பையனுடைய ஊரும் அதில் இருந்தது, பத்து நாற்பது என்று. சாலை அந்த வழியாகப் போகிறது, அவ்வளவுதான் காரணம்.

அந்த ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினோம். இடைசெவல் தாண்டி ஒரு ஊரில் முதல் வீடு. கணவனை இழந்த பெண், அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். பதினான்கு கார்களும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. தலைவர் மாலையைப் போட்டுவிட்டுத் தேசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பின்னால் மினிபஸ்காரன் ஹாரனை விடாமல் அமுக்கினான்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார், "கொஞ்சம் சுருக்கா முடிங்க சார். அந்த பஸ்ஸ விட்டா இவங்களுக்கு டவுனுக்குப் போக வேற வண்டி இல்ல. எனக்காகக் காத்துக் கிடக்காவ."

தலைவர் தேசத்தைச் சுருக்கினார். கிளம்பும்போது அந்தப் பெண், புது மாலை படத்தில் முகத்தை மறைத்ததைப் பார்த்து, அதைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார். பாய் அதைப் பார்த்துவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது, மூன்றாவது வீடுகளும் முடிந்து கடம்பூர் வந்தபோது ஏற்கெனவே கால் மணி நேரம் தாமதம். கடம்பூரில் நிற்பதாகத் திட்டம் இல்லை. ஆனால் கடம்பூர் வழியாகப் போய்விட்டுப் போளி வாங்காமல் வீடு திரும்ப எங்கள் உறுப்பினர்களில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஒருவர் நிறுத்தினார், பதினான்கு பேரும் நிறுத்தினோம். நானும் ஒரு பெட்டி வாங்கினேன். அஞ்சலிக்குப் போகிற வழியில் போளி என்பது உறுத்தியது. தேங்காய்ப் போளியா, பருப்புப் போளியா என்று கடைக்காரர் கேட்டதும் அந்த உறுத்தல் போய்விட்டது. அதில் இன்னும் அரை மணி நேரம் போனது. அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் எங்களுக்காகக் காத்திருப்பதாகத் தொலைபேசி வந்தது. வேகமாகப் போகச் சொன்னார் தலைவர்.

ரோட்டின் இரு பக்கமும் கொத்தமல்லி பூத்துக் கிடந்தது. முன்னால் போன கார்கள் கிளப்பிய புழுதியில் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. அந்த ஊரின் எல்லையில் புழுதி அடங்கியபோதுதான் பார்த்தேன்.

ரோட்டோரம் ஒரு வீடு. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. வாசலில் இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் தனியாக ஒரு நாற்காலி, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து, சீருடையில் ஒரு பையனின் படம். வீட்டை ஒட்டிய நிலத்தில் வேலிக்கருவையை வெட்டி ஓரமாகக் குவித்து, தூர்களைத் தோண்டி எடுத்து, தரையைத் தட்டிச் சமன் செய்திருந்தது. கார்கள் நிற்பதற்கு. முப்பது நாற்பது பேர் ரோட்டையே பார்த்து நின்றார்கள். படத்துக்குப் பக்கத்தில் என் வயதுடைய ஒருவர், சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, வலது கையைப் பாதி உயர்த்தியபடி நின்றிருந்தார். பதின்மூன்று கார்கள் அந்தக் கையைக் கடந்து போயிருந்தன. யாருக்கோ வணக்கம் சொல்கிறார் என்று எங்கள் ஆட்கள் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

நான் நிறுத்தினேன். நின்ற வண்டிக்குத்தான் கடைசி வண்டி நிற்க வேண்டும். அங்கே எந்த வண்டியும் நிற்கவில்லை. ஆனாலும் நிறுத்தினேன்.

கூட்டம் அதற்குள் கலையத் தொடங்கியிருந்தது. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த ஒருவன் சொன்னான், "பெரியப்பா, கார்க்காரவிய நம்ம ஊரு எங்க இருக்குன்னு தேடி அடுத்த ஊருக்குப் போயிட்டாவ போல. நாற்காலிய வண்டில ஏத்திரவா? வாடகைக்காரன் வந்துருவான்."

"நான் அன்னைக்கே சொன்னேன்லா, இவனுக்கு எதுக்குலே கார் வரப்போகுதுன்னு" என்றது இன்னொரு குரல்.

படத்தருகே நின்றவர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. என் வண்டி அருகே வந்து ஜன்னலில் குனிந்தார். "பின்னால வாராகளா சார்?"

"இல்ல. நான்தான் கடைசி."

"அப்ப நீங்க உள்ள விடுங்க வண்டிய. இடம் இருக்கு."

பதினான்கு கார்களுக்காகச் சமன் செய்த இடத்தில் என் ஒரு காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கியதும் அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க தாலுகா ஆபீஸ் சார்தான? எம் மகன் சர்டிபிகேட்டுக்கு வந்தியள்லா."

"ஆமா."

"கார் ஏன் நிக்கல சார்? பஞ்சாயத்து ஆபீசுல பத்து நாப்பதுன்னு ஒட்டியிருந்தாவ. இந்த ஊர்ல மிலிட்டரில செத்தவன் இவன் ஒருத்தன்தான். வேற யாருக்கு வரப்போறாவ?"

"லிஸ்ட்ல இல்ல அண்ணாச்சி. அது கார் போற வழி மட்டுந்தான்."

"யாரு போட்ட லிஸ்ட்டு?"

"நான் போட்டது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். கோபப்படுகிற மனுதாரரைக் கையாள ஒரு முறை இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த படத்தை நேராக வைத்தார்.

"நாலு நாளா ஊரு முழுக்க நானே போய்ச் சொன்னேன். காரெல்லாம் வருது, எம் மகனுக்குத்தான் வருதுன்னு. சொல்லாம இருந்திருக்கலாம்."

நான் தள்ளிப் போய்ப் பாய்க்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, "அந்த லாரிப் பையன் வீடா?" என்று. பதில் சொன்னதும் வைத்துவிட்டார். அனுமதிக் கடிதத்தின்படி வந்த வழியே திரும்பக் கூடாது. அரை மணி நேரத்தில் பத்துக் கார்கள் வந்த வழியே திரும்பி வந்தன. யாரும் தடுக்கவில்லை. தலைவரும் வேறு இருவரும் அந்த அதிகாரியோடு இருந்துவிட்டார்கள்.

பாய் வேறொரு வீட்டுக்காக வைத்திருந்த மாலையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஊர் ஆட்கள் பாதிப் பேர் திரும்பி வந்து நின்றார்கள். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி, தெரியாமப் போயிட்டோம்" என்றார்.

"பரவால்ல. வந்திட்டியளே."

"மாலைய நீங்க போடுதியளா, நாங்க போடவா?"

அவர் மோட்டார் சைக்கிள்காரன் நின்ற திசையைப் பார்த்தார். பிறகு சொன்னார், "போடுங்க. ஆனா தானா வாரது வேற, கூப்பிட்டு வாரது வேற. ஊரு ரெண்டையும் பாத்திருச்சி."

மாலை போட்டோம். ஒரு நிமிஷம் நின்றோம். அந்த நிமிஷத்தில் யாரோ பின்னால் சிரித்த சத்தம் கேட்டது. அது எதற்காகவும் இருந்திருக்கலாம்.

காப்பி கொடுத்தார். எங்கள் ஆட்கள் தம்ளர்களோடு கார்களில் சாய்ந்து நின்றார்கள். அவர் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்து பாயின் முன்னால் நின்றார்.

"நீங்கள்லாம் ரொம்ப வருஷமா வண்டி ஓட்டுதவிய. ஒண்ணு கேக்கட்டுமா? மலை ரோட்டுல லாரி சறுக்குதுன்னு வைங்க. உள்ள மண்ணெண்ண டிரம்மு, பின்னால ஆளு. டிரைவருக்குக் குதிக்க நேரம் இருக்குமா?"

பாய் காப்பியைக் குடித்து முடித்தார். "இருக்கலாம். எந்தப் பக்கம் பள்ளம்ங்கறதப் பொறுத்து. ஆனா பின்னால ஆள் இருந்தா, பிரேக்க விட்டுட்டுக் குதிக்க மனசு வராது அண்ணாச்சி."

"அப்ப எம் மகன் குதிக்கலையா, குதிச்சானா? தூங்கிட்டானா? ரோடே சரிஞ்சுதா? ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுதான். எனக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "பட்டாளத்துல இருந்து ஒரு கடுதாசி வந்துதுல்லா சார், இங்கிலீசுல, ரெண்டு பக்கம். உங்ககிட்டதான குடுத்தேன். அதுல என்ன போட்டிருந்துது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் கடிதம் எனக்கு நினைவிருந்தது. தடித்த தாள், மேலே முத்திரை. அசலைப் பார்த்து, நகலில் சான்றொப்பமிட்டு, அசலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது முறை. அன்று அந்த ஊரில் கரண்ட் இல்லை, நகல் எடுக்க வழியில்லை. அசலையே கொடுங்கள், பிறகு திருப்பி அனுப்புகிறேன் என்று வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டேன். எனக்குத் தேவைப்பட்டவை இறந்தவர் பெயரும், இறந்த நாளும். இரண்டும் முதல் பக்கத்திலேயே இருந்தன. அவன் எப்படிச் செத்தான் என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் அதைத் திருப்பவில்லை.

"முதல் பக்கம் மட்டுந்தான் படிச்சேன்" என்றேன்.

"அடுத்த பக்கம்?"

"படிக்கல."

"சரி, அந்தக் கடுதாசி ஆபீசுல இருக்கும்லா?"

எந்த வகைக் கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஓய்வு பெறுவதற்கு முன் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கோப்பு இருக்காது. அதை அவரிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் வாதாடுவார்கள், கெஞ்சுவார்கள், மேலே மனுச் செய்வேன் என்பார்கள். இவர் தலையை ஆட்டிவிட்டு, பாயின் கையில் இருந்த காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மீதி வீடுகளுக்குப் போனோமா என்றால், போனோம். அங்கே நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை.

மறுநாள் உட்கார்ந்து ராணுவ ஆவண அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன், விபத்து விசாரணையின் முடிவை வாரிசுதாரருக்குத் தர வேண்டும் என்று. வாரிசின் கையெழுத்து தேவை என்பதால் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் உளுந்து அடித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுத்தினார்.

"மோசமா போட்டிருந்தா?"

"அப்படி இருக்காது அண்ணாச்சி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் படிக்கலியே."

அவர் உளுந்துக் களத்தைப் பார்த்தார். "மோசமா இருந்தா எனக்கு மட்டும் சொல்லுங்க. ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்றார். பிறகு, "இல்ல, எனக்கும் சொல்லாதிய. கடுதாசி வரலன்னு சொல்லிருங்க" என்றார். அதன் பிறகு கையெழுத்துப் போட்டார். மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினார். பதில் என் முகவரிக்கு வரட்டும் என்றும் அவரே சொன்னார்.

அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன். சேர்ந்ததற்கான அட்டை வந்தது. இரண்டு நினைவூட்டுக் கடிதங்களும் போட்டுவிட்டேன். மற்றபடி எதுவும் வரவில்லை.

பத்து நாளைக்கு ஒருமுறை அவர் எனக்குத் தொலைபேசியில் பேசுகிறார். கடிதத்தைப் பற்றி ஒரு முறையும் கேட்டதில்லை.

"உங்க பக்கம் மழை உண்டா சார்?" என்பார்.

"இல்ல அண்ணாச்சி. இங்கன தூறல்கூட இல்ல."

"இங்கனயும் இல்ல" என்பார். அதற்குமேல் கொஞ்ச நேரம் லைனில் இருப்பார். நானும் இருப்பேன். பிறகு, "சரி, வைக்குதேன்" என்பார்.